நின்று நின்று ஏறிய வண்டி

கோத்தகிரிக்கு அருகே ஒரு மலைச்சரிவில் எங்களுக்குச் சிறிது நிலம் உண்டு. காரட், உருளைக்கிழங்கு, முட்டைக்கோசு ஆகியவற்றைப் பயிரிடுவோம். விளைந்தவற்றை மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கொண்டு செல்வதற்காக என் தந்தையார் டீசலில் ஓடும் பிக்கப் வண்டி ஒன்றை வைத்திருந்தார். 2007-ஆம் ஆண்டில் அவர் காலமானார். நிலமும் வண்டியும் என் பொறுப்பில் வந்து சேர்ந்தன. நானோ பள்ளி ஆசிரியன், அறிவியல் கற்பிப்பவன். மண்ணைப் பற்றியும் எனக்கு அதிகம் தெரியாது. மோட்டாரைப் பற்றியும் தெரியாது. ஆகையால், தந்தையார் காலத்திலிருந்தே வண்டியை ஓட்டி வந்த டிரைவரிடமே அதனை முற்றிலும் ஒப்படைத்துவிட்டேன். நான் அவரை ‘அண்ணே’ என்று அழைப்பேன். அவர் என்னைத் ‘தம்பி’ என்பார். சிறுவனாக இருந்தபோது அவர் மடியில் அமர்ந்து அந்த வண்டியின் ஹாரனை அழுத்தி மகிழ்ந்தவன் நான்.

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஏறத்தாழ 33 கிலோமீட்டர். கீழே இருக்கும் ஊர் கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 300 மீட்டர் உயரத்தில் உள்ளது. மேலே இருக்கும் ஊர் சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் உள்ளது. காய்கறி மூட்டைகளோடு கீழே இறங்குவது வண்டிக்கு அரிதன்று. திரும்பும்போது உர மூட்டைகளையும் மாட்டுத் தீவனத்தையும் கடைக்காரர்களின் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு வளைவு வளைவாக மேலேறுவதே அதற்குச் சோதனை. அந்தச் சோதனையில் பல ஆண்டுகள் தவறாமல் தேறி வந்த வண்டி, 2009-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் திடீரெனத் தளரத் தொடங்கியது.

தளர்ச்சி என்றால் எப்படி? நன்றாக ஏறிக்கொண்டிருக்கும். குஞ்சப்பனையை எட்டுவதற்குச் சிறிது முன்பு, ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் வேகம் எழாது. இரண்டாவது கியர், பிறகு முதல் கியர், அதன் பிறகு எஞ்சின் இரண்டு முறை விக்கி நின்றுவிடும். கால் மணி நேரம் கழித்துப் புறப்பட்டால், ஒன்றுமே நடவாததுபோல் ஓடும். அரவேணுவுக்கு முன்னால் மீண்டும் ஒருமுறை நிற்கும். நாள்தோறும் இவ்வாறு நடந்தாலாவது பட்டறையில் காட்டலாம். ஒரு நாள் நிற்கும். மறுநாள் கோத்தகிரி எல்லையில் சற்றே தளர்ந்து, நிற்காமல் வீடு வந்து சேரும். மூன்றாம் நாளும் நான்காம் நாளும் ஒரு குறையும் இராது. ‘சரியாகிவிட்டது’ என்று நாங்கள் மகிழும் வேளையில் மீண்டும் வழியில் நிற்கும்.

எப்போதும் இருக்கும் நோயை மருத்துவர் கண்டுபிடித்துவிடுவார். வந்து வந்து மறையும் நோயோ, மருத்துவர் வீட்டு வாசலில் நிற்கும்போது மட்டும் மறைந்துகொள்ளும். எங்கள் வண்டியும் அப்படித்தான். கோயம்புத்தூரில் ஒரு பட்டறைக்குக் கொண்டு சென்றோம். அவர்கள் டீசல் பில்டரை மாற்றினர். சமவெளியில் ஓட்டிப் பார்த்தனர். வண்டி குதிரைபோல் ஓடியது. அடுத்த வாரமே மலையில் நின்றது. இரண்டாம் முறை சென்றபோது நாசில்களைக் கழற்றிச் சுத்தம் செய்தனர். மூன்றாம் முறை, ‘பம்பைக் கழற்றிப் புதுப்பிக்க வேண்டும், 12,000 ரூபாய் ஆகும்’ என்றனர். பழுது எங்கே இருக்கிறது என்று அறியாமல் ஒவ்வோர் உறுப்பாக மாற்றிக்கொண்டே போவதற்கு ஆராய்ச்சி என்று பெயரில்லை. ஆனால் அன்று அதைச் சொல்லும் துணிவு எனக்கில்லை. பணம் திரட்டிக்கொண்டு வருவதாகக் கூறித் திரும்பினேன்.

இதற்கிடையில் ஒரு சனிக்கிழமையன்று டிரைவரோடு நானும் வண்டியில் சென்றேன். மேட்டுப்பாளையத்தில் டாங்கி நிறைய டீசல் போட்டுக்கொண்டு ஏறினோம். வழக்கமான இடத்தில் வண்டி நின்றது. அவர் இறங்கினார். டாங்கியின் மூடியைத் திறந்தார், இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு மூங்கில் குச்சியை எடுத்து உள்ளே விட்டுப் பார்த்தார், மூடியை மூடினார். பிறகு எஞ்சினருகே சென்று கைப்பம்பை நான்கைந்து தடவை அழுத்தினார். வண்டி புறப்பட்டது. டீசல் அளவைக் காட்டும் முள் அந்த வண்டியில் பல ஆண்டுகளுக்கு முன்பே செயலற்றுப் போயிருந்தது. எனவே ஒவ்வொரு நாளும் காலையிலும், மலையேறத் தொடங்குமுன்பும், வழியில் நின்றபோதும் குச்சி விட்டுப் பார்ப்பது அவர் வழக்கம். இது எனக்குத் தெரியும். ஆயினும் அன்று என் மனம் வேறு வழியில் ஓடியது. இப்போதுதானே டாங்கியை நிறைத்தோம்? இதற்குள் திறந்து பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?

வீட்டுக்கு வந்ததும் டீசல் வாங்கிய ரசீதுகளை எடுத்து, வண்டி நின்ற நாள்களோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். என் நெஞ்சு படபடத்தது. டாங்கியை நிறைத்த நாள்களில் மட்டுமே வண்டி வழியில் நின்றிருந்தது! ஒரு நாள்கூடத் தவறவில்லை. கடைவீதியில் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்தார். “டீசல் போட்ட நாளில் நிற்கிறது என்றால் டீசலில்தான் ஏதோ இருக்கிறது. பாதியை எடுத்து விற்றுவிட்டு மண்ணெண்ணெய் ஊற்றினால் எந்த வண்டி மலையேறும்?” என்றார்.

டாங்கியிலிருந்து ஒரு கண்ணாடிக் குவளையில் டீசலை எடுத்துப் பார்த்தேன். அக்காலத்தில் நியாயவிலைக் கடை மண்ணெண்ணெய்க்கு நீலச் சாயம் கலந்திருப்பார்கள். குவளையில் நீலத்தின் சாயலே இல்லை. அறிவியல் ஆசிரியனான நான் அந்தச் சோதனையின் முடிவை ஏற்றிருக்க வேண்டும். ஏற்கவில்லை. ‘சாயமில்லாத மண்ணெண்ணெயாக இருக்கலாம்’ என்று எனக்கு நானே விளக்கம் கூறிக்கொண்டேன். ஐயம் ஒருமுறை மனத்தில் குடிபுகுந்துவிட்டால், தனக்கு எதிரான சான்றையும் தனக்கே உணவாக்கிக்கொள்கிறது.

மறுநாள் காலையில் மூட்டை ஏற்றும் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னிலையிலேயே கேட்டுவிட்டேன்.

“அண்ணே, தவறாக நினைக்க வேண்டாம். டாங்கியில் வேறு எதையேனும் ஊற்றுகிறீர்களா?”

அவர் உடனே விடை கூறவில்லை. தலைப்பாகையாகக் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

“தம்பி, பதினாறு ஆண்டுகளாக இந்தச் சாவி என் இடுப்பில் இருக்கிறது. உங்கள் அப்பா ஒரு நாளும் இதைத் திரும்பக் கேட்டதில்லை” என்றார். சாவியைத் திண்ணையில் வைத்தார். சம்பளத்தைக்கூடக் கேளாமல் நடந்து சென்றுவிட்டார்.

அவர் போனபின் பழுதும் போய்விடும் என்று எதிர்பார்த்தேன். வேறோர் இளைஞரை ஓட்டச் செய்தேன். டாங்கியை நானே உடனிருந்து நிறைத்தேன். வண்டி அதே வளைவில் நின்றது. இந்தத் தடவை நிலைமை முன்னிலும் மோசம். கால் மணியில் புறப்பட்டது போய், ஒன்றரை மணி நேரம் ஆகியும் வண்டி அசையவில்லை. பின்னால் வந்த பேருந்துகள் வழியின்றிக் கூச்சலிட்டன. இறுதியில் வேறொரு லாரியில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு ஊர் சேர்ந்தோம்.

அப்பொழுதுதான் மேட்டுப்பாளையத்தில் சிறிய பட்டறை ஒன்றை நடத்திவந்த முதியவரிடம் சென்றேன். ஊரார் அவரைப் ‘பாய்’ என்று அழைப்பார்கள். நான் சென்றதும் அவர் திருகியைக் கையில் எடுப்பார் என்று நினைத்தேன். அவரோ ஒரு பலகையில் என்னை அமர்த்திவிட்டுக் கேள்வி கேட்கத் தொடங்கினார்.

“நிற்பதற்கு முன் புகை எந்த நிறத்தில் வருகிறது, வாத்தியாரே?”

“புகையே இல்லை, பாய்.”

“நல்லது. கறுப்புப் புகை வந்தால், டீசல் போகிறது, காற்றுப் போதவில்லை என்று பொருள். சுமையோடு மேலேறும் வண்டி புகையே இல்லாமல் தளர்ந்தால், டீசல்தான் போய்ச் சேரவில்லை. எத்தனையாவது கிலோமீட்டரில் நிற்கிறது?”

சொன்னேன். முதல் முறை ஏறத்தாழப் பத்தாவது கிலோமீட்டரில். அடுத்தது அதற்கு மேல் பதினைந்து கிலோமீட்டர் சென்றபின்.

“முதல் ஓட்டத்தைவிட இரண்டாவது ஓட்டம் நீளமாக இருக்கிறதே! அடைப்பு என்றால் போகப்போக அதிகமாகுமே தவிரக் குறையாது” என்று தமக்குள் பேசிக்கொண்டார். டாங்கி நிறைந்த நாளில் மட்டுமே நிற்கிறது என்ற செய்தியைக் கேட்டதும் அவர் புருவம் உயர்ந்தது. நான் மண்ணெண்ணெய்க் கதையைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் கையமர்த்தினார். “ஆளைப் பற்றிப் பிறகு பேசுவோம். முதலில் வண்டியைப் பற்றிப் பேசுவோம்” என்றார்.

மாணவர்கள் இவ்விடத்தில் டீசல் எஞ்சினைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்வது நன்று. ருடால்ப் டீசல் என்னும் ஜெர்மானியப் பொறியாளர் 1897-ஆம் ஆண்டில் வெற்றிகரமாக இயக்கிக் காட்டிய எஞ்சின் இது. பெட்ரோல் எஞ்சினில் எரிபொருளைப் பற்றவைக்க மின்பொறி வேண்டும். டீசல் எஞ்சினுக்கு அது வேண்டுவதில்லை. சிலிண்டருக்குள் காற்று, தன் பருமனில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காக அழுத்தப்படும்போது மிகுந்த சூடு அடைகிறது. அந்நேரத்தில் நாசில் வழியே டீசல் நுண்துளிகளாகச் சீறிப் பாய்ந்து தானே பற்றிக்கொள்கிறது. ஆகவே, எங்கள் வண்டி போன்ற பழைய டீசல் வண்டிகளில் டாங்கி, குழாய், உறிஞ்சும் சிறு பம்ப், பில்டர், பெரிய பம்ப், நாசில் என்னும் ஒரே பாதையில் எங்கேனும் தடை ஏற்பட்டால் வலிமை குன்றும். பாதை நீளமானது, எந்த இடத்தில் தடை?

பாய் அதைக் கண்டறிய மேற்கொண்ட முறை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பாதையை அவர் இரண்டாகப் பிரித்தார். பத்து லிட்டர் பிளாஸ்டிக் கேன் ஒன்றில் டீசலை ஊற்றி, வண்டியின் முதுகில் கட்டினார். டாங்கியிலிருந்து வரும் குழாயைக் கழற்றிவிட்டுக் கேனிலிருந்து குழாய் இணைத்தார். எஞ்சினில் மிஞ்சித் திரும்பும் டீசலும் கேனுக்கே வருமாறு மற்றொரு குழாயை அமைத்தார். கேனின் வாயில் துணியைத் தளர்வாகச் சுற்றினார். முழுச் சுமையோடு மலையேறினோம். குஞ்சப்பனை கடந்தது, அரவேணு கடந்தது, வண்டி எங்கும் நிற்கவில்லை.

“பம்பும் நாசிலும் குற்றமற்றவை. உங்கள் 12,000 ரூபாய் பிழைத்தது. குற்றவாளி டாங்கிப் பக்கத்தில் இருக்கிறான்” என்றார் பாய்.

அடுத்த நாள் பழையபடி டாங்கியை இணைத்தார். உறிஞ்சும் குழாயின் நடுவே ஒரு முழம் ஒளி ஊடுருவும் குழாயைப் பொருத்தினார். இணைப்பில் எங்கேனும் காற்றுப் பிடித்தால் குமிழிகள் ஓடுவதைப் பார்க்கலாம் அல்லவா? டாங்கியை நிறைத்து ஏறினோம். வண்டி தனக்குரிய இடத்தில் கடமை தவறாமல் நின்றது. குழாயில் குமிழி இல்லை. பாய் கைப்பம்பின் குமிழை மேலே இழுத்தார். அது வர மறுத்தது. உள்ளிருந்து யாரோ பிடித்து இழுப்பதுபோல் இருந்தது. அவர் முகத்தில் ஒரு புன்னகை தோன்றியது. எழுந்து டாங்கியருகே சென்றார். காதைத் தாழ்த்தி, மூடியை மெல்லத் திருகினார்.

‘உஸ்ஸ்’ என்று நீண்ட ஓசை எழுந்தது. வெளிக்காற்று டாங்கிக்குள் பாய்ந்தது. நான் கைப்பம்பை இழுத்தேன். இப்போது அது எளிதாக எழுந்தது. வண்டி உடனே புறப்படத் தயாராகிவிட்டது.

பாய் மூடியைத் திருப்பி என்னிடம் காட்டினார். உட்புறத்தில் வட்டமாக வெட்டப்பட்ட ரப்பர்த் துண்டு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் நடுப்பகுதி உள்நோக்கி இழுபட்டு, சிறு கிண்ணம்போல் குழிந்திருந்தது. விளிம்போ டாங்கியின் வாயோடு இறுகியிருந்த தடத்தைக் காட்டியது.

“இது யாருடைய கைவேலை?” என்று கேட்டார்.

அது என் கைவேலை. பழுது தொடங்குவதற்குச் சில நாள்களுக்கு முன் நடந்தது. வளைவுகளில் டீசல் தளும்பி, மூடியிலிருந்த ஊசித்துளை வழியே கசிந்து, டாங்கியின் பக்கமெல்லாம் அழுக்காயிருந்தது. இது வீண் செலவு என்று எண்ணிய நான், பழைய டியூப் ஒன்றிலிருந்து ரப்பரை வட்டமாக வெட்டி மூடிக்குள் பொருத்தினேன். கசிவு நின்றது. என் திறமையை நானே மெச்சிக்கொண்டு, அதை மறந்தும்விட்டேன். டிரைவரிடம்கூடச் சொல்லவில்லை.

அந்த ஊசித்துளை கசிவதற்காக வைத்ததன்று; டாங்கி மூச்சு வாங்குவதற்காக வைத்தது. எஞ்சின் டீசலை உறிஞ்ச உறிஞ்ச, அது காலி செய்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வரவேண்டும். வராவிட்டால் உள்ளிருக்கும் காற்றே விரிந்து அவ்விடத்தை நிரப்பும். அதன் அழுத்தம் குறையும். நிறைந்த டாங்கியில் டீசலுக்கு மேல் மூன்று லிட்டர் அளவே வெற்றிடம் இருந்ததாகக் கொள்வோம். மலையில் பத்துக் கிலோமீட்டர் ஏற ஒன்றரை லிட்டர் செலவாகும். மூன்று லிட்டர் காற்று நாலரை லிட்டராக விரிந்தால், அழுத்தம் மூன்றில் இரண்டு பங்காகிவிடும். தேய்ந்துபோன அந்தப் பழைய பம்பால் அதற்குமேல் உறிஞ்ச இயலவில்லை. மூடியைத் திறந்தால் காற்று நிறையும். இப்போது டீசலுக்கு மேல் உள்ள இடம் நாலரை லிட்டர். ஆகவே அடுத்த முறை அதே நிலைக்கு வர இரண்டேகால் லிட்டர் செலவாக வேண்டும், அஃதாவது பதினைந்து கிலோமீட்டர்! பாதி டாங்கி காலியாக இருக்கும் நாளிலோ காற்றுக்கு இடம் தாராளம்; ஐந்து லிட்டர் குறைந்தாலும் அழுத்தம் பெரிதாக மாறாது. கோயம்புத்தூர்ப் பட்டறையில் பழுது தோன்றாததற்கும் இதுவே காரணம். அங்கே பாதி டாங்கியோடு சமவெளியில் ஓட்டினார்கள்.

இதைச் சொல்ல எனக்கு இன்றும் வெட்கமாக இருக்கிறது. ஆண்டுதோறும் எட்டாம் வகுப்பில் எண்ணெய்த் தகரம் ஒன்றைக் கொண்டுவந்து, ஒரு துளை மட்டும் இட்டால் எண்ணெய் விக்கி விக்கி ஒழுகுவதையும், மறுபுறம் இன்னொரு துளை இட்டதும் சீராக ஒழுகுவதையும் செய்து காட்டுபவன் நான். மக்டபர்க் நகரத்து ஆட்டோ வான் கெரிக், காற்றை வெளியேற்றிய இரு செப்பு அரைக்கோளங்களைக் குதிரைகளாலும் பிரிக்க முடியாமற்போன கதையையும் சுவையோடு சொல்வேன். என் வண்டியின் டாங்கியும் ஓர் எண்ணெய்த் தகரமே என்பது எனக்குத் தோன்றவில்லை.

என் டிரைவரோ நின்ற இடத்திலெல்லாம் மூடியைத் திறந்து குச்சி விட்டார். தாம் செய்வதன் பயனை அவர் அறியார். ஆயினும், ஒவ்வொரு முறையும் வண்டிக்கு உயிர் கொடுத்தது அந்தச் செயலே. அதைக் கண்டுதான் நான் அவர்மீது ஐயம் கொண்டேன். மூடியைத் திறக்கும் வழக்கமில்லாத இளைஞர் ஓட்டியபோது வண்டி ஒன்றரை மணி நேரம் அசையாமல் கிடந்தது.

அன்று மாலையே அவர் வீட்டைத் தேடிச் சென்றேன். வாசலில் கயிற்றுக் கட்டிலில் அமர்ந்திருந்தார். ரப்பர்த் துண்டை அவர் கையில் கொடுத்து, நடந்ததையெல்லாம் கூறினேன். மூட்டை ஏற்றும் ஆட்களில் இருவரையும் உடன் அழைத்துச் சென்றிருந்தேன். கேட்டது அவர்கள் முன்னிலையில் அல்லவா? அவர் ரப்பரை இப்படியும் அப்படியும் வளைத்துப் பார்த்தார்.

“உஸ் என்று ஓசை வரும், தம்பி. எனக்குக் கேட்கும். எஞ்சின் சூட்டில் டீசல் ஆவியாகி வெளியே வருகிறது என்று நினைத்துக்கொள்வேன். உள்ளே போகிற காற்று என்று தெரியாமல் போயிற்றே” என்றார்.

“நீங்கள் மீண்டும் வரவேண்டும், அண்ணே.”

“அது முடியாது. தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்துவிட்டேன். வாக்குக் கொடுத்தாயிற்று.”

ஒரு மாதச் சம்பளத்தை உறையிலிட்டுக் கொண்டுபோயிருந்தேன். அவர் எண்ணிப் பார்த்தார். தாம் வேலை செய்த பதினொரு நாள்களுக்கு உரியதை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை என் கையிலேயே வைத்தார். வற்புறுத்த எனக்கு வாய் எழவில்லை.

புறப்படும்போது வண்டி வரையில் கூட நடந்து வந்தார். வழக்கம்போல் அவர் கை டாங்கி மூடிக்குச் சென்றது. அதைக் கழற்றி, வேட்டி முனையால் துடைத்து, மேற்கே இறங்கிக்கொண்டிருந்த வெயிலுக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசித்துளை வழியே பார்த்தார்.

“வெளிச்சம் தெரிகிறது, தம்பி” என்று சொல்லி மூடியைத் தம் கையாலேயே திருகினார்.